நாட்பட்ட மன அழுத்தம்: எங்கிருந்து தொடங்குவது, எதைக் குறிக்கோளாக வைப்பது?

காட்பாடியில் வசித்து, ஆம்பூரில் ஏற்றுமதிக்குக் காலணி தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையின் அலுவலகப் பிரிவுக்கு நாள்தோறும் ரயிலில் சென்று வரும் 41 வயதுச் சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டு ஆண்டுகளாக அவருக்குக் கழுத்தும் தோளும் இறுகியே இருக்கின்றன. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் மீண்டும் உறக்கம் வருவதில்லை. நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை சாப்பிட்டும் முழுமையாக நிற்கவில்லை. பள்ளியில் படிக்கும் மகளிடம் காரணமில்லாமல் எரிந்து விழுகிறார். புத்தாண்டன்று ஐந்து மணிக்கு எழுவது, யோகாசனம், தியானம், பத்தாயிரம் அடி நடை, காபியை விடுவது, நாட்குறிப்பு எழுதுவது என்று ஆறு தீர்மானங்கள் எடுத்தார். பொங்கல் முடிவதற்குள் ஆறும் நின்றுபோயின. எங்கிருந்து தொடங்குவது, எதற்கு உண்மையில் பலன் உண்டு, சித்த மருந்து சாப்பிடலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

சகோதரி, உங்கள் ஆறு தீர்மானங்களும் தனித்தனியே நல்லவைதாம். ஆனால் காலை ஐந்தரைக்குத் தொடங்கி இரவு பத்தரைக்கு முடிகிற ஒரு நாளின் மேல் அவை ஆறு புதிய வேலைகளாக வந்து ஏறின. நாட்பட்ட அழுத்தத்தில் இருப்பவருக்கு முதலில் வேண்டியது, உடல் தன் பதற்றத்திலிருந்து இறங்கி வருவதற்கான இடைவெளி. ஒரு குறிக்கோள் அந்த இடைவெளியைத் தருகிறதா, அல்லது மிச்சமிருக்கும் இடைவெளியையும் எடுத்துக்கொள்கிறதா என்று பார்த்துத்தான் அதை ஏற்கவோ தள்ளவோ வேண்டும். கீழே நான் சொல்வதெல்லாம் இந்த ஓர் அளவுகோலை வைத்துச் சொல்வதே.

உடலுக்குள் நடப்பதைச் சற்று விரிவாகப் பார்த்துவிடுவது நல்லது. ஹான்ஸ் செல்யே என்ற ஆய்வாளர் 1936-இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில், குளிர், காயம், நச்சு என எந்த வகைத் தாக்குதல் நேர்ந்தாலும் உடல் ஏறக்குறைய ஒரே மாதிரியான எதிர்வினையையே காட்டுகிறது என்றும், தாக்குதல் நீடித்தால் அந்த எதிர்வினையே உடலைச் சோர்வடையச் செய்கிறது என்றும் எழுதினார். இன்று நாம் அறிந்த அளவில், மூளை ஆபத்து என்று எதை உணர்ந்தாலும் அட்ரினலின் உடனே சுரக்கிறது; சற்று நேரத்தில் சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பியிலிருந்து கார்டிசால் வெளிவருகிறது. இதயம் விரைகிறது, தசைகள் இறுகுகின்றன, செரிமானம் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. ஆபத்து நீங்கியதும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். சரக்குப் பெட்டகம் சென்னைத் துறைமுகத்துக்குப் புறப்பட வேண்டிய நாளில் உங்களுக்கு ஏற்படும் படபடப்பு இயல்பானது. அன்று மாலையே அது இறங்கிவிட்டால் உடலுக்கு ஒரு கெடுதலும் இல்லை. இறங்காமல் அடுத்த ஏற்றுமதி, மாமியாரின் சர்க்கரை, மகளின் தேர்வு, பிந்தி வரும் ரயில் என்று ஒன்றன்மேல் ஒன்றாக வரும்போதுதான் கணக்கு மாறுகிறது. இப்படிச் சேரும் தேய்மானத்துக்கு 1993-இல் புரூஸ் மெக்யூவன் என்ற நரம்பியல் அறிஞர் ஒரு தனிப் பெயரே கொடுத்தார். உங்கள் கழுத்து வலியும் நெஞ்செரிச்சலும் மூன்று மணி விழிப்பும் ஒரே காரணத்திலிருந்து கிளைத்தவையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

வாய்ப்பு அதிகம் என்று சொன்னேனே தவிர, உறுதி என்று சொல்லவில்லை. எனவே எந்தப் பயிற்சிக்கும் முன் ஒரு முறை இரத்தப் பரிசோதனை செய்து, இரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகிய நான்கும் போதும். இரத்தசோகையும் தைராய்டுக் கோளாறும் நம் பெண்களிடம் மிகச் சாதாரணமாகக் காணப்படுபவை. இரண்டுமே களைப்பையும் எரிச்சலையும் படபடப்பையும் தரக்கூடியவை. நாற்பதைத் தாண்டியிருப்பதால் மாதவிடாய்ச் சுழற்சியில் மாறுதல் இருக்கிறதா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ, தாடைக்கோ கைக்கோ பரவும் வலியோ இருந்தால் அதை நெஞ்செரிச்சல் என்று விட்டுவிடக் கூடாது. அன்றே போய்க் காட்ட வேண்டும்.

இனி குறிக்கோள்களுக்கு வருவோம். "நிம்மதியாக இருக்க வேண்டும்", "கோபப்படக் கூடாது", "நன்றாகத் தூங்க வேண்டும்" என்பவை விருப்பங்கள். அவை நம் கைக்கு நேரடியாக எட்டுபவை அல்ல. தூக்கத்தைக் கட்டளையிட்டு வரவழைக்க முடியாது. ஆனால் பத்து மணிக்குக் கைப்பேசியைக் கூடத்தில் வைத்துவிட்டு அறைக்குள் போக முடியும். ஆகவே குறிக்கோளை எப்போதும் ஒரு செயலாக எழுதுங்கள். அதிலும் எந்த நேரத்தில், எந்த இடத்தில், எதற்குப் பின் என்று எழுதுங்கள். "இது நடந்ததும் இதைச் செய்வேன்" என்ற அமைப்பில் எழுதியவர்கள், பொதுவாகத் தீர்மானம் எடுத்தவர்களைவிட அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள் என்பதை பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளரின் ஆய்வுகள் பல முறை காட்டியிருக்கின்றன. "தினமும் தியானம் செய்வேன்" என்பது நாலு நாள் நிற்கும். "ரயிலில் இடம் பிடித்து உட்கார்ந்ததும் கைப்பேசியைப் பைக்குள் போட்டு, லத்தேரி நிலையம் தாண்டும் வரை மூச்சைக் கவனிப்பேன்" என்பது நிற்க வாய்ப்புண்டு. ஏனென்றால் ரயில் எப்படியும் வரும், லத்தேரியும் எப்படியும் வரும்.

ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. லண்டனில் 96 பேரைக் கொண்டு நடத்தி 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு புதிய செயல் யோசிக்காமல் செய்யும் பழக்கமாக மாறுவதற்குச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப அது 18 நாட்களிலிருந்து 254 நாட்கள் வரை மாறியது. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று மேடைகளில் சொல்லப்படுவதை நம்பியவர்கள் 22-ஆம் நாள் தங்களையே குற்றம் சாட்டிக்கொள்கிறார்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: இடையில் ஒரு நாள் தவறினால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படுவதில்லை. நீங்கள் பொங்கல் வேலையில் இரண்டு நாள் விட்டதும் "எல்லாம் போயிற்று" என்று முடிவு கட்டினீர்கள் அல்லவா, அந்த முடிவுதான் தீர்மானங்களைக் கொன்றது.

பத்தாயிரம் அடிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த எண் மருத்துவ ஆய்விலிருந்து வந்ததன்று. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது. அமெரிக்காவில் முதிய பெண்களிடம் செய்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், நாளுக்கு ஏறத்தாழ 4,400 அடிகள் நடந்தவர்களிடமே, மிகக் குறைவாக நடந்தவர்களைவிட இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. 7,500 அடிகளுக்கு மேல் கூடுதல் பயன் அதிகம் தெரியவில்லை. கைக்கடிகாரம் 6,200 என்று காட்டும்போது தோற்றுவிட்டதாக நினைத்து இரவு ஒன்பது மணிக்கு மொட்டை மாடியில் சுற்றிச் சுற்றி நடப்பது, அழுத்தத்தைக் குறைக்கும் வழியாக எனக்குத் தோன்றவில்லை.

தொடங்குவதற்கு நான் பரிந்துரைப்பது மூச்சு. அதற்குத் தனி இடம் வேண்டாம், உடை மாற்ற வேண்டாம், பணம் வேண்டாம் என்பது ஒரு காரணம். பதற்றம் ஏறிய உடலை நாமாக விரும்பி இறக்குவதற்குக் கைவசமுள்ள நேரான வழி அது என்பது அதைவிடப் பெரிய காரணம். நாம் சாதாரணமாக நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது முறை மூச்சு விடுகிறோம். அதை ஆறு அளவுக்குக் குறைத்து, வெளிவிடும் மூச்சை நீளமாக்கினால், மூளையிலிருந்து இதயத்துக்கும் வயிற்றுக்கும் இறங்கும் வேகஸ் நரம்பின் வேலை மேலோங்குகிறது. ஒவ்வொரு வெளிமூச்சின்போதும் இதயத் துடிப்பு சற்றுத் தணிகிறது. செய்முறை எளிது. மூக்கு வழியாக நான்கு எண்ணும் வரை உள்ளிழுங்கள். ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். தோள் உயரக் கூடாது, வயிறுதான் மெல்ல அசைய வேண்டும். ஐந்து நிமிடத்தில் தொடங்கி, வாரங்கள் செல்லச் செல்லப் பத்து நிமிடமாக்குங்கள். தலை லேசாகச் சுற்றினால் வேகமாகவோ ஆழமாகவோ இழுக்கிறீர்கள் என்று பொருள். நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள். இரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ உள்ளவர்கள், கருவுற்றவர்கள் ஆகியோர் மூச்சை உள்ளே அடக்கி வைக்கும் பயிற்சிகளையும் மூச்சை வேகமாக வெளித்தள்ளும் கபாலபாதியையும் தாமாகச் செய்ய வேண்டாம். உங்களுக்கும் அவை இப்போது தேவையில்லை.

இதில் மதத்துக்கு ஏற்ற வடிவம் வேண்டும் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. 2001-இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான இத்தாலிய ஆய்வாளர்களின் கட்டுரை, ஜெபமாலை சொல்வதும் யோக மந்திரத்தைத் திரும்பத் திரும்ப உச்சரிப்பதும் மூச்சை ஏறத்தாழ நிமிடத்துக்கு ஆறு என்ற அதே அளவுக்குக் கொண்டுவருவதைக் காட்டியது. கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் ஒரே தெருவில் இருக்கும் நம் ஊர்களில், பலரும் தங்கள் பாட்டியிடம் கற்றதை நிதானமாகச் சொன்னாலே பாதிப் பயிற்சி ஆகிவிடும். அவசரமாக முணுமுணுத்து முடிப்பது மட்டும் கணக்கில் வராது.

தியானத்தைப் பற்றி மிகையாகவும் சொல்லப்படுகிறது, குறைத்தும் சொல்லப்படுகிறது. 1979-இல் ஜான் கபாட்-சின் அமெரிக்காவில் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சி இன்று உலகெங்கும் மருத்துவமனைகளில் நடக்கிறது. 2014-இல் 47 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு, தியானம் பதற்றத்தையும் மனச்சோர்வையும் மிதமான அளவில் குறைக்கிறது என்றும், உடற்பயிற்சி, மருந்து போன்ற மற்ற வழிகளைவிட அது மேலானது என்பதற்குச் சான்று இல்லை என்றும் கூறியது. ஆகவே உங்களுக்குக் கண்ணை மூடி உட்கார்ந்தால் கவலைகள் கூடுகின்றன என்றால், வலிந்து உட்கார வேண்டாம், நடையை எடுத்துக்கொள்ளுங்கள். வேதாத்திரி மகரிஷி வகுத்த எளியமுறை உடற்பயிற்சியும் கை, கால், மூச்சு, கண், உடல் தளர்த்தல் என்று படிப்படியாகச் செல்வதால், ஆசனங்களில் பழக்கமில்லாத நடுத்தர வயதினருக்குப் பொருத்தமாக இருக்கிறது. அதன் மன்றங்கள் நம் பகுதியில் பல ஊர்களில் உண்டு. உடன் நாலு பேர் வருகிறார்கள் என்பதே ஒருவரைத் தொடரச் செய்யும்.

நடைக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பு. அதை ஒரே வீச்சில் செய்ய வேண்டும் என்பதில்லை. வீட்டிலிருந்து காட்பாடி நிலையத்துக்கும், ஆம்பூர் நிலையத்திலிருந்து தொழிற்சாலைக்கும் ஷேர் ஆட்டோவை ஒரு பக்கமாவது விட்டாலே பெரும்பகுதி நிறைந்துவிடும். ஞாயிறு காலை வேலூர்க் கோட்டைப் பக்கம் அகழியையொட்டி நடப்பவர்களோடு மகளையும் அழைத்துச் செல்லுங்கள். ஆனால் சித்திரை, வைகாசியில் நம் ஊர் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம் என்பதால், அந்த மாதங்களில் காலை ஆறரைக்குள் முடித்துவிட வேண்டும். அந்நாட்களின் பிற்பகல் தலைவலியும் சிடுசிடுப்பும் பல நேரம் நீர் குறைவால் வருபவை. அலுவலக மேசையில் தண்ணீரும், மதியத்தில் மோரும் இருக்கட்டும். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை சென்று 14 கிலோமீட்டர் கிரிவலம் வருவதும், இரண்டு நாள் ஏலகிரியில் தங்குவதும் மனத்துக்கு இதமானவைதாம், செல்லுங்கள். ஆனால் விடுமுறையின் பயன் திரும்பி வந்த சில வாரங்களில் மங்கிவிடுகிறது என்பதால், அவற்றை அன்றாடப் பழக்கத்துக்கு ஈடாக வைக்க முடியாது. இரவெல்லாம் நடந்துவிட்டு மறுநாள் நேராக வேலைக்குப் போவதை நான் நலப் பயிற்சியில் சேர்க்க மாட்டேன்.

மூன்று மணி விழிப்பு உங்களை அதிகம் அச்சுறுத்துவதாகத் தெரிகிறது. இரவின் பிற்பாதியில் உறக்கம் இயல்பாகவே ஆழம் குறைந்தது; கார்டிசாலும் விடியலை நோக்கி மெல்ல ஏறத் தொடங்கும். எனவே விழிப்பு வருவது நோயன்று. விழித்ததும் மணியைப் பார்த்து, "இன்னும் இரண்டரை மணி நேரம்தான் இருக்கிறது" என்று கணக்குப் போடுவதுதான் உறக்கத்தைக் கலைத்துவிடுகிறது. கடிகாரத்தை எட்டாமல் வையுங்கள். இருபது நிமிடம் போலத் தோன்றும் அளவுக்கு உறக்கம் வராவிட்டால் எழுந்து, மங்கிய விளக்கில் ஏதாவது சலிப்பான வேலையைச் செய்து, கண் சொக்கும்போது திரும்பப் படுங்கள். எப்போது உறங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுங்கள். நாட்பட்ட உறக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாக மருத்துவர்கள் இன்று பரிந்துரைப்பது மாத்திரையை அல்ல, இத்தகைய பழக்கங்களை முறையாகக் கற்றுத்தரும் உளவியல் பயிற்சியை. படுக்கும் முன் ஐந்து நிமிடம் நாளைய வேலைகளைத் தாளில் எழுதி வைத்தவர்கள் சற்று விரைவாக உறங்கியதாக 2018-இல் வெளியான ஒரு சிறு ஆய்வு கூறுகிறது. நீங்கள் கைவிட்ட நாட்குறிப்பை இந்தச் சிறிய வடிவில் மீட்டுக்கொள்ளலாம். மாலை ஐந்து மணிக் காபியில் உள்ள காஃபினில் ஏறத்தாழப் பாதி இரவு பத்து மணிக்கும் இரத்தத்தில் இருக்கும். காலைக் காபியை விட வேண்டாம், அந்த மாலைக் காபியை மட்டும் விடுங்கள். இரவு உணவுக்கும் படுக்கைக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது இருந்தால் நெஞ்செரிச்சலும் குறையும்.

எண்ணெய்க் குளியலைக் கேட்கவில்லையென்றாலும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலை வேலைக்குப் போகும் பெண்கள் ஏறக்குறைய விட்டே விட்டார்கள். படுப்பதற்கு ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் முன் வெந்நீரில் குளிப்பது உறக்கம் வருவதை விரைவுபடுத்துகிறது என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. நல்லெண்ணெய் தனியே என்ன செய்கிறது என்பதற்கு அவ்வளவு சான்று கிடையாது. ஆனால் வாரத்தில் ஒரு மணி நேரம் கைப்பேசி தொட முடியாத கையோடு, இன்னொருவர் தலையில் எண்ணெய் வைத்துத் தேய்த்துவிட உட்கார்ந்திருப்பது உடல் இறங்கும் நேரம்தான். வெள்ளி முடியாவிட்டால் ஞாயிறு செய்யுங்கள். எந்தக் குற்றமும் இல்லை.

சித்த மருந்துகளில் நீங்கள் குறிப்பிட்ட அமுக்கரா (அஸ்வகந்தா) அழுத்தத்தையும் உறக்கமின்மையையும் ஓரளவு குறைக்கலாம் என்று சில சிறிய ஆய்வுகள் கூறுகின்றன. அதே நேரத்தில் அது தைராய்டு அளவை மாற்றக்கூடும். சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதும் பதிவாகியிருக்கிறது. கருவுற்றவர்கள் உண்ணக் கூடாது. ஆகவே தைராய்டு முடிவு வரும் வரை தொடாதீர்கள். பின்னர் வேண்டுமென்றால் அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவில் காட்டி, அவர்கள் சொல்லும் அளவில், சொல்லும் காலத்துக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் பார்த்து வாங்கும் பொடிகளில் என்ன கலந்திருக்கிறது என்பதற்கு யாரும் பொறுப்பில்லை.

இனி, நல வகுப்புகளில் பெரும்பாலும் பேசப்படாத ஒன்று. உடல், மனம் இரண்டையும் முழுமையாகப் பார்க்கிறோம் என்று சொல்பவர்கள் வீட்டையும் வேலையையும் விட்டுவிட்டுப் பார்த்தால் அந்தப் பார்வை அரைகுறையானது. 2019-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளுக்கு 299 நிமிடங்கள் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடங்கள். இந்த இடைவெளியை எந்தப் பிராணாயாமமும் நிரப்பாது. உங்கள் கடிதத்தில் மாமியாரின் மருந்து, மகளின் வீட்டுப்பாடம், காலைச் சமையல் மூன்றும் உங்கள் பெயரிலேயே இருக்கின்றன. கணவர் எதைச் செய்கிறார் என்பது ஒரு வரியிலும் இல்லை. "நீங்களும் கொஞ்சம் உதவுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகவே பதில் வரும். "அத்தைக்குச் சர்க்கரை பார்ப்பதும் மருந்து வாங்குவதும் இனி உங்கள் பொறுப்பு, நான் நினைவூட்ட மாட்டேன்" என்று ஒன்றைப் பெயர் சொல்லி ஒப்படையுங்கள். செய்வதோடு நினைவில் வைத்திருப்பதும் கைமாற வேண்டும்; பாதிச் சுமை நினைவில்தான் இருக்கிறது. முதல் சில வாரம் அவர் செய்வதில் குறை இருக்கும். அதைத் திருத்தப் போனால் வேலை மீண்டும் உங்களிடமே வந்துவிடும். அலுவலகத்திலும், எட்டு மணிக்கு மேல் வரும் வாட்ஸ்அப் செய்திகளில் உண்மையிலேயே அன்றிரவு பதில் வேண்டியவை எவை என்று மேலாளரிடம் ஒரு முறை நேராகப் பேசித் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். பெரும்பாலானவை காலை வரை காத்திருக்கக் கூடியவையாக இருக்கும்.

இவற்றையெல்லாம் செய்தும், அல்லது செய்யவே மனமில்லாமல், இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் பிடிப்பின்றிச் சோர்வாகவே இருந்தாலோ, வாழ்வதில் பொருளில்லை என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலோ, அது பயிற்சியால் மட்டும் சமாளிக்க வேண்டிய கட்டத்தைத் தாண்டிவிட்டது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம். வேலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், பாகாயத்தில் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) நடத்தும் மனநல மையமும் நமக்கு அருகிலேயே இருக்கின்றன. வெளிமாநிலத்தவர் ரயிலேறி வந்து காட்டும் இடங்களுக்கு, உள்ளூர்க்காரர்கள் நாலு பேர் பார்த்துவிடுவார்கள் என்று போகாமல் இருப்பது எனக்கு எப்போதும் வியப்பாகவே இருக்கிறது.

ஆக, இந்த வாரம் இரத்தப் பரிசோதனையும், ரயிலில் லத்தேரி வரை மூச்சும். எட்டு வாரம் அந்த மூச்சுப் பயிற்சி ஒன்றுதான். நாட்காட்டியில் செய்த நாளுக்கு ஒரு புள்ளி வையுங்கள். வாரத்தில் ஐந்து புள்ளி விழுந்தால் போதும். வாரக் கடைசியில் கழுத்து இறுக்கத்துக்குப் பத்துக்கு எத்தனை, எத்தனை இரவு மூன்று மணிக்கு விழித்தீர்கள் என்று இரண்டு எண்களை மட்டும் எழுதுங்கள். எட்டு வாரம் கழித்து மாலைக் காபியை விடுவதையோ நடையையோ இரண்டாவதாகச் சேர்க்கலாம். ஏற்றுமதி நெருக்கடி வரும் வாரங்களுக்கென்று, பத்து மூச்சு மட்டும் என்ற குறைந்த அளவை இப்போதே எழுதி வைத்துவிடுங்கள். அந்த வாரத்தில் அதைச் செய்தாலும் புள்ளி வைக்கலாம்.